பாயிரம் இழந்த பாட்டு: ‘இம்பூபே’ என்னும் முதற்பாட்டும் அதன் வழிப்பாட்டுகளும்

1. முன்னுரை

நூலுக்கு முகமாக நிற்பது பாயிரம். ஒரு நூலைக் கற்கப் புகுவோன் முன்னதாக அறிந்துகொள்ள வேண்டுவனவற்றைச் சிறப்புப்பாயிரம் எடுத்துரைக்கும். அங்ஙனம் உரைக்கப்பெறும் எட்டுச் செய்திகளுள் ஆக்கியோன் பெயரை முதற்கண்ணும், நூல் வந்த வழியை அதனையடுத்தும் வைத்தார் நன்னூலார். யார் செய்தது, எதனின்று வந்தது என்னும் இரு வினாக்களுக்கும் விடை கூறிய பின்னரே நூற்பொருளும் பயனும் பேசப்பெறுகின்றன. இவ்வைப்புமுறை வெறும் ஒழுங்கன்று. நூலையும் அதனைச் செய்தோனையும் பிரித்தல் ஆகாது என்னும் கொள்கையின் வெளிப்பாடு.

ஏட்டில் எழுதிய நூலுக்கே பாயிரம் உண்டு என்று கருத வேண்டுவதில்லை. இசைத்தட்டிற்கும் ஒரு பாயிரம் உண்டு. தட்டின் நடுவில் ஒட்டப்பெற்ற வட்டத் தாளே அது. பாட்டின் பெயர், பாடியோர் பெயர், இயற்றியோர் பெயர், வெளியிட்டோர் பெயர் ஆகிய அனைத்தும் அச்சிறு தாளில் அடங்கும். கேட்போர் பலர் அதனைப் படிப்பதில்லை. ஆயினும் பாட்டின் வரலாறும், பாட்டால் வரும் பொருளின் வழியும் அத்தாளிலேயே தொடங்குகின்றன.

20ஆம் நூற்றாண்டில் உலகெங்கும் பரவிய மக்கள் விருப்பப் பாட்டு ஒன்று தன் பாயிரத்தை இழந்த வரலாற்றையும், ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து அதனை மீளப்பெற்ற வரலாற்றையும் இக்கட்டுரையில் ஆராய்வோம். தென்னாப்பிரிக்காவில் சுலு மொழியில் தோன்றிய அப்பாட்டின் பெயர் ‘இம்பூபே’. மெய்யெழுத்து மொழிக்கு முதலாகாது என்னும் தமிழ் மரபு நோக்கி இகரம் முன்னிட்டு எழுதுகின்றோம். சிங்கம் என்பது அதன் பொருள். அமெரிக்காவில் அது ‘விமோவே’ என்றும், பின்னர் ‘தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்’ என்றும் பெயர் மாறி வழங்கியது.

ஒருவர் பாடிய பாட்டைப் பிறர் மீண்டும் பாடி வெளியிடுதலை இசைத்துறையார் ‘கவர்’ என்பர். முதல்நூல், வழிநூல் என்னும் தொல்காப்பியப் பாகுபாட்டைத் தழுவி, அவ்வடிவங்களை ஈண்டு வழிப்பாட்டு என்றும், அவற்றிற்கு மூலமாயதை முதற்பாட்டு என்றும் குறிப்போம்.

2. முதற்பாட்டும் அதன் ஆசிரியரும்

சாலமன் லிண்டா 1909இல் தென்னாப்பிரிக்காவின் நெட்டால் பகுதியில், இம்சிங்கா வட்டாரத்தில் பிறந்தவர். சமயப் பரப்பாளர் நடத்திய பள்ளியில் சிறிது காலம் பயின்றார். மாடு மேய்க்கும் சிறுவர் நிறைந்த நிலம் அது. 1931இல், பிழைப்புத் தேடிச் சென்ற எண்ணற்ற சுலு இளைஞரைப் போலவே அவரும் ஜோகானஸ்பர்க் நகரை அடைந்தார். அங்கே தம் ஊராரோடு சேர்ந்து ‘ஈவினிங் பேர்ட்ஸ்’, அதாவது மாலைப் பறவைகள், என்னும் பாடற்குழுவை நடத்தினார்.

அக்குழுவினர் தொழில்முறைப் பாடகர் அல்லர். பகலில் உழைத்து, ஓய்வு நாளில் பாடியவர். தொழிலாளர் விடுதிகளிலும் மன்றங்களிலும் இரவெல்லாம் நிகழும் போட்டிகளில் கோடிட்ட மேலாடையும் தொப்பியும் அணிந்து நின்று பாடினர். லிண்டாவின் இசையமைப்பில் குறிப்பிடத்தக்க புதுமை ஒன்று உண்டு. தாழ்ந்த குரலுக்கு ஒருவரை மட்டும் நிறுத்தாது பலரை நிறுத்தினார். அக்குரல்கள் அடித்தளம் போலத் திரும்பத் திரும்ப ஒரே தொடரை இசைக்க, அவற்றின்மேல் தாம் மட்டும் மிக உயர்ந்த குரலில் விரும்பியவாறு உலவினார்.

ஜோகானஸ்பர்க்கில் எரிக் காலோ என்பவரின் இசைத்தட்டு நிறுவனம் இயங்கிவந்தது. லிண்டா அந்நிறுவனத்தின் தொழிற்கூடத்தில் தட்டுகளைக் கட்டும் பணியாளராக அமர்ந்தார். அந்நிறுவனத்திற்குப் பாடகரைத் தேடித் தந்த கிரிஃபித் மோட்சியெலோவா அவர்தம் குழுவை அறிந்து ஒலிப்பதிவிற்கு அழைத்தார். 1939இல் ‘இம்பூபே’ பதிவாயிற்று. மேய்ச்சல் நிலத்தில் கன்றுகளைக் கவர வரும் சிங்கத்தை எதிர்கொண்ட இளமைக்கால நினைவே பாட்டின் கரு. சொற்கள் மிகச் சில. ‘நீ சிங்கம்’ என முன்னிலைப்படுத்தி விளிக்கும் ஒரு சொல்லே மீண்டும் மீண்டும் வரும்.

அப்பதிவின் இறுதிப் பகுதியில், முன்னர் ஆயத்தம் செய்யாத ஓர் இன்னிசைத் தொடரை லிண்டா தம் உயர்குரலில் பாடினார். ஒருமுறை தோன்றி மறையும் அச்சிறு தொடரே பின்னாளில் உலகம் முழுவதும் முணுமுணுத்த மெட்டு. முதற்பாட்டின் முடிவில் தற்செயலாக மலர்ந்தது வழிப்பாட்டின் தலைமைப் பகுதி ஆயிற்று என்பது நினைவில் வைத்தற்குரியது. மூலத்தின் ஓரத்தில் கிடந்ததொன்று வழிநூலின் நடுவிடத்தைப் பற்றிக்கொள்ளுதல் இலக்கிய வரலாற்றிலும் நாம் காண்பதே.

தட்டு ஆப்பிரிக்காவில் பெருவரவேற்புப் பெற்றது. 1940களின் இறுதிக்குள் ஏறத்தாழ 1,00,000 படிகள் விற்றன என்பர். அதனினும் பெரிய சான்று ஒன்று உண்டு. அவ்வகைப் பாடல்முறை முழுவதற்குமே ‘இம்பூபே’ என்று பெயர் ஏற்பட்டது. ஒரு பாட்டின் பெயர் ஓர் இசைவகையின் பெயராயிற்று. மெல்ல அடிவைத்து நடத்தலைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்த ‘இசிகத்தாமியா’ என்னும் மென்குரல் முறை அதன் வழித்தோன்றல். ஜோசப் ஷபலாலா 1960களில் நிலைநிறுத்திய ‘லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ’ குழு அம்முறையைப் பின்னர் உலகறியச் செய்தது. ஆகவே, தன் நிலத்தில் லிண்டாவின் பாட்டு ஆசிரியர் அறியாப் பாட்டாக இருந்ததில்லை. தட்டின் மேலேயே குழுவின் பெயரோடு சாலமன் லிண்டா என்னும் பெயரும் பொறிக்கப்பெற்றிருந்தது. இவ்வுண்மையே இவ்வாராய்ச்சியின் அடிப்படை.

3. செவிவழிப் பாடவேறுபாடு

1950ஐ ஒட்டிய காலத்தில் இத்தட்டு அமெரிக்கா சென்றது. நாட்டுப்பாடல் தொகுப்பாளராகிய ஆலன் லோமாக்ஸ், ஓர் இசைத்தட்டு நிறுவனத்தார் கழித்தெறிய இருந்த ஆப்பிரிக்கத் தட்டுகளைப் பெற்றுத் தம் நண்பராகிய பீட் சீகரிடம் அளித்தார். சீகர் ‘வீவர்ஸ்’ என்னும் நால்வர் குழுவில் பாடியவர். அவர் அத்தட்டைப் பலகால் கேட்டுக் காதால் படியெடுத்தார்.

இங்கே ஏட்டுச்சுவடிப் பதிப்பில் பயின்றோர்க்கு நன்கு பழக்கமான நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. சுலு மொழியில், ‘இம்பூபே’ என்னும் பெயரோடு முன்னிலை உணர்த்தும் முன்னொட்டு சேர, ‘நீ சிங்கம்’ என்னும் பொருள் தோன்றும். முன்னொட்டின் உகரமும் அதனையடுத்த யகர இகரமும் விரைந்து ஒலிக்குங்கால் அயலார் செவிக்கு ‘வி’ எனக் கேட்டன. மெல்லினத்தோடு இணைந்த பகரம் மறைந்து மகரம் மட்டும் எஞ்சியது. ஈற்றிலுள்ள பகரமோ மூச்சு உள்வாங்க மெல்ல ஒலிப்பது. அது வகரமாகக் கேட்டது. இவ்வாறு பிறந்த வடிவமே ‘விமோவே’.

ஏடு எழுதுவோர் தம் கண்ணால் பிழைபட்டனர். இவர் தம் காதால் பிழைபட்டார். வேறுபாடு அவ்வளவே. மொழி அறியாதவன் எழுதும் படியில் சொல் பொருளிழந்து வெற்றொலியாய் நிற்கும். ‘விமோவே’ எந்த மொழியிலும் பொருளுடைய சொல் அன்று. ஆனால், பொருளற்ற அவ்வொலியே பாட்டின் புதிய தலைப்பாக வாய்த்தது. பிழைபட்ட பாடமே பரவிய பாடமாதல் சுவடி மரபில் அரிதன்று. பரவிய பாடம் பழகிய பாடமாகி, பழகிய பாடம் மூல பாடமாக மதிக்கப்பெறுவதையும் காண்கின்றோம்.

4. ஆக்கியோன் பெயர் மறைந்த வகை

வீவர்ஸ் குழுவினரின் ‘விமோவே’ தட்டு, கார்டன் ஜென்கின்ஸ் இசைக்குழுவின் துணையோடு டெக்கா நிறுவனத்தாரால் 1952இன் தொடக்கத்தில் வெளிவந்து புகழ் பெற்றது. அதில் லிண்டாவின் பெயர் இயற்றியோர் நிரலில் இடம்பெறவில்லை. பாட்டு மரபுவழிப் பாடலாகக் கொள்ளப்பெற்றது. அதனை அமைத்தவர் பால் காம்பெல் என்று குறிக்கப்பட்டது.

பால் காம்பெல் என்று ஒருவர் இருந்ததில்லை. மரபுவழிப் பாடல்களைத் தம் முறைக்கேற்ப அமைத்து அதற்குரிய ஊதியத்தைப் பெறுதற்பொருட்டு வீவர்ஸ் குழுவினர் மேற்கொண்ட புனைபெயர் அது. பின்னர் 1961இல் வெளிவந்த ஆங்கில வடிவத்திலும் ஆல்பர்ட் ஸ்டான்டன் என்னும் பெயர் இயற்றியோர் வரிசையில் காணப்படுகின்றது. அதுவும் பதிப்பாளர் ஒருவரின் புனைபெயரே. வாழ்ந்து பாடிய மனிதர் ஒருவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வாழாத இருவரின் பெயர்கள் வந்தமர்ந்தன.

இச்செயலைத் தனி ஒருவரின் தீய எண்ணம் என்று கொள்ளுதல் வரலாற்றுக்கு நேரியதாகாது. சீகர் அப்பாட்டைத் தொன்றுதொட்டு வழங்கும் மக்கட்பாட்டு என்றே முதலில் கருதினார். லிண்டாவிற்கு உரிய பங்கு சேர வேண்டும் என்று பதிப்பாளரிடம் பின்னர் அறிவுறுத்தினார். தாமும் 1,000 டாலர் அனுப்பினார் என அறிகின்றோம். அவரும் அவர்தம் குழுவினரும் அரசியற் காரணத்தால் 1952 முதலே அவையேறிப் பாட இயலாதவாறு ஒதுக்கப்பெற்றவர். எனினும், நல்லெண்ணம் வேறு, நெறிமுறை வேறு. மேற்குலகின் பாட்டாயின் இயற்றியோன் யார் என்று வினவுதலே முறையாக இருந்தது. ஆப்பிரிக்காவினின்று வந்த பாட்டாயின் இயற்றியோன் இலன் என்று கொள்ளுதலே முறையாக இருந்தது. வினவாமையே இங்கு விடையாகியது. பெயர் தட்டின் மேலே கண்ணெதிரே இருந்தும் அது பாடகர் பெயராகப் படிக்கப்பட்டதேயன்றி ஆசிரியர் பெயராகப் படிக்கப்படவில்லை.

லிண்டாவின் சொந்த நாட்டிலும் நிலை சிறந்திருக்கவில்லை. 1948இல் நிறவேற்றுமை ஆட்சி தொடங்கிற்று. அவ்வாண்டிலேயே அவர்தம் பாடற்குழுவும் கலைந்தது. 1952இல் அவர் தம் பாட்டின் உரிமையைப் பத்துச் சில்லிங்கிற்குக் காலோ நிறுவனத்திற்கு எழுதிக் கொடுத்தார் என்பர். தாம் பாடிய தட்டை விற்ற நிறுவனத்தில் தொழிலாளராகவே வாழ்ந்த அவர், 1962இல் சிறுநீரக நோயால் மறைந்தார். வங்கியில் அவர் பெயரில் எஞ்சியிருந்த தொகை 25 டாலருக்கும் குறைவு. அவர் புதைக்கப்பெற்ற இடத்தில் பெயர் பொறித்த கல் நாட்டுதற்குக் குடும்பத்தாருக்கு 18 ஆண்டுகள் ஆயின. தட்டில் பெயர் இழந்தவருக்குக் கல்லறையிலும் நெடுங்காலம் பெயர் இல்லை.

5. பொருள் திரிந்த வகை

பெயர் மறையின் பொருளும் நிலைதிரியும் என்பதற்கு இப்பாட்டின் அடுத்த கட்டமே சான்று. மூலச் சொற்களின் பொருளை அறியாத சீகர், சுலு அரசை வலுப்படுத்திய சாக்கா மன்னனைப் பற்றிய வழக்கோடு பாட்டைத் தொடர்புபடுத்தினார். சிங்கம் எனப் போற்றப்பெற்ற அம்மன்னன் இறக்கவில்லை, உறங்குகின்றான், ஒருநாள் எழுவான் என்பது அவர் தந்த விளக்கம். விடுதலை வேட்கையுடைய விளக்கமாதலின் கேட்போர் உள்ளத்தை அது கவர்ந்தது. ஆயின், மேய்ச்சற் சிறுவன் சிங்கத்தை நோக்கிக் கூவிய பாட்டிற்கு அது பொருந்துவதன்று.

1961இல் நியூயார்க்கின் புரூக்ளினைச் சேர்ந்த ‘டோக்கன்ஸ்’ என்னும் இளைஞர் குழுவினர் இப்பாட்டைப் பாடிப் பதிவுசெய்ய விரும்பினர். பதிவைத் தயாரித்தோர் ஹியூகோ பெரெட்டி, லூயிஜி கிரியேட்டோர் ஆகிய இருவர். ஆங்கிலச் சொற்களை அமைத்தவர் ஜார்ஜ் டேவிட் வைஸ். லிண்டா பதிவின் இறுதியில் பாடிய அவ்வின்னிசைத் தொடரை எடுத்து அதற்கே வைஸ் சொற்களைப் பொருத்தினார். அமைதியான ஊர், அருகிலுள்ள காடு, உறங்கும் சிங்கம் என்பன அவர் படைத்த காட்சிகள். ‘உறக்கம்’ என்னும் கருத்து சீகரின் விளக்கத்தினின்று வழிவந்தது என்று கருத இடமுண்டு. சுலுப் பாட்டில் அதற்கு இடமில்லை.

இத்திரிபை நம் அகப்பொருள் மரபின் கண்கொண்டு நோக்குதல் பயன்தரும். முதற்பொருளும் கருப்பொருளும் இயைந்து நிற்றல் வேண்டும் என்பது அம்மரபு. ஆப்பிரிக்கச் சிங்கம் பெரும்பாலும் புல்வெளியில் வாழும் விலங்கு. அடர்ந்த மழைக்காடு அதன் உறையுள் அன்று. புல்வெளியில் மாடு மேய்த்தவர் பாடிய பாட்டில் நிலம் தவறவில்லை. அந்நிலத்தைக் கண்டறியாதவர் எழுதிய பாட்டில் சிங்கம் காட்டிற்குக் குடிபெயர்ந்தது. உரிப்பொருளும் மாறியது. விழித்திருந்து கன்றைக் காத்தவனின் அறைகூவல், அச்சம் தவிர்த்துக் கண்துயிலச் செய்யும் தாலாட்டாயிற்று. முதற்பாட்டில் சிங்கம் முன்னிலை; வழிப்பாட்டில் அது படர்க்கை. எதிரே நின்று ‘நீ’ என்று விளித்தவன் மறைந்தான். தொலைவிலிருந்து ‘அது’ என்று சுட்டுவோர் எஞ்சினர். இடவேறுபாடாகிய இச்சிறு இலக்கணக் குறிப்பிலேயே பாட்டின் வரலாறு முழுதும் அடங்கியிருக்கக் காண்கின்றோம்.

இவ்வாங்கில வடிவம் தட்டின் மறுபக்கத்தில் துணைப்பாட்டாகவே முதலில் வெளிவந்தது. ஆயினும் 1961 டிசம்பரில் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்தை எய்தி மூன்று வாரம் நிலைத்தது. அவ்வாறு பாட்டு உச்சியில் நின்றபொழுது லிண்டா உயிரோடிருந்தார் என்பதை மறத்தற்கில்லை.

6. வழிப்பாட்டுகளின் வகை

வழிநூல் நால்வகைப்படும் என்பது தொல்காப்பியனார் கருத்து. முதல்நூலைச் சுருக்கிச் செய்தல், விரித்துச் செய்தல், இரண்டும் விரவச் செய்தல், பிறமொழியினின்று பெயர்த்துச் செய்தல் என அவை அமையும். இப்பாட்டின் வழிவடிவங்கள் இந்நான்கிற்கும் ஏறத்தாழப் பொருந்துகின்றன.

‘விமோவே’ சுருக்கமும் விரிவும் கலந்தது. சொல்லைச் சுருக்கி ஒலியாக்கிற்று. ஒருமுறை வந்த இன்னிசைத் தொடரைப் பன்முறை வருமாறு விரித்தது. பின்னணியில் பெரிய இசைக்குழுவையும் சேர்த்தது. வீவர்ஸ் குழுவினர் 1955இல் கார்னகி மன்றத்தில் பாடிய பதிவு 1957இல் வெளிவந்து அவ்வடிவத்தை இளைஞரிடையே நிலைநிறுத்தியது. 1959இல் ‘கிங்ஸ்டன் ட்ரயோ’ குழுவினரும், 1962இல் இங்கிலாந்தில் கார்ல் டென்வரும் பாடியவை அவ்வடிவத்தைப் பின்பற்றியவை. கார்ல் டென்வரின் தட்டு அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் நான்காம் இடம் பெற்றது.

டோக்கன்ஸ் குழுவினரின் ஆங்கில வடிவமே தானும் ஒரு முதற்பாட்டுப் போலாகிப் பல வழிப்பாட்டுகளை ஈன்றது. 1972இல் ராபர்ட் ஜான் பாடியது அமெரிக்கப் பட்டியலில் மூன்றாம் இடத்தையும், 1982இல் ‘டைட் ஃபிட்’ குழுவினர் பாடியது இங்கிலாந்தில் முதலிடத்தையும் அடைந்தன. மொழிபெயர்ப்பு வகைக்கு ஆன்ரி சால்வடோர் 1962இல் பாடிய பிரெஞ்சு வடிவம் எடுத்துக்காட்டு. அதன் தலைப்பில் சிங்கம் உறங்கவுமில்லை, இறந்தேவிட்டது. முதற்பாட்டில் பாய வந்த சிங்கம், ஆங்கிலத்தில் உறங்கி, பிரெஞ்சில் இறந்த இவ்வரிசை மொழிபெயர்ப்பின் நெறி பற்றி ஆராய்வோர் எண்ணிப் பார்த்தற்குரியது. 1992இல் ‘பவ் வவ்’ குழுவினர் அப்பிரெஞ்சு வடிவத்தை மீண்டும் பாடித் தம் நாட்டில் முதலிடம் பெற்றனர்.

இவற்றினின்று வேறாக நிற்பது தென்னாப்பிரிக்கப் பாடகியாகிய மிரியம் மக்கேபா 1960இல் அமெரிக்காவில் வெளியிட்ட பதிவு. அவர் ‘விமோவே’யை எடுத்துக்கொள்ளவில்லை, ‘இம்பூபே’ என்னும் பெயரோடும் சுலுச் சொற்களோடும் பாடினார். மொழியறிந்தவர் ஒருவர் மூலத்தோடு ஒப்புநோக்கிப் பாடம் திருத்தியதை இது ஒக்கும். ஆயினும் திருத்திய பாடம் அருகிலிருந்தும் பிழைபட்ட பாடமே அடுத்த ஆண்டில் உலகை வென்றது. செம்மையான பாடம் கிடைத்தல் ஒன்று. அது ஏற்கப்படுதல் மற்றொன்று.

7. மரபும் ஆசிரியனும்

இவ்விடத்து ஒரு தடை எழலாம். லிண்டாவின் பாட்டும் வெறுவெளியினின்று தோன்றியதன்றே. சுலு மக்களின் திருமணப் பாடல் மரபும், சமயப் பள்ளிகள் கற்பித்த கூட்டிசையும், 1890களில் ஆர்ஃபியஸ் மக்காடூவின் தலைமையில் தென்னாப்பிரிக்காவில் சுற்றிய கறுப்பின அமெரிக்கக் குழுவினரின் பாடல்முறையும் அவ்விசையில் கலந்துள்ளனவே. அங்ஙனமாயின் அதனை ஒருவருக்கே உரிமையாக்குதல் எங்ஙனம் பொருந்தும் என்பது அத்தடை.

தடை கூறுவோர் சுட்டும் செய்திகள் உண்மையே. ஆனால் அவற்றினின்று அவர் கொள்ளும் முடிவு பொருந்தாது. மரபினின்று எடுத்தல் ஆசிரியத் தன்மைக்கு மாறானது என்றால் உலகில் எந்நூலுக்கும் ஆசிரியர் இரார். யாப்பும் துறையும் உவமையும் மரபு தந்தவை. அவற்றைக்கொண்டு செய்த பாட்டு புலவருடையது. தாழ்குரல்களைப் பெருக்கிய அமைப்பும், பதிவின் இறுதியில் எழுந்த இன்னிசைத் தொடரும் லிண்டாவினுடையவை. மேலும் இத்தடை ஒருபாற் கோடியது. மரபினின்று எடுத்தார் என்பதற்காக லிண்டாவின் பெயரை நீக்கியோர், லிண்டாவினிடமிருந்து எடுத்தார் என்பதற்காகப் பிறர் பெயரை நீக்கினாரல்லர். மூலத்தை அமைத்தவர் மரபென்னும் கடலில் கரைக்கப்பட்டார். அதன்மேல் சில சொற்களைப் பொருத்தியோர் ஆசிரியராக எழுந்து நின்றனர். அளவுகோல் இரண்டாயிருந்தமையே குற்றம்.

8. பாயிரம் மீண்ட வகை

1994இல் வெளிவந்த ‘தி லயன் கிங்’ என்னும் கருத்தோவியத் திரைப்படத்தில் இப்பாட்டின் ஒரு பகுதி பாடப்பெற்றது. அதனால் புதிய தலைமுறை அதனை அறிந்தது. 2000ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்க எழுத்தாளர் ரியன் மலான் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழில் இதன் வரலாற்றை விரிவாக எழுதினார். பாட்டு ஈட்டிய உரிமைத் தொகை ஒன்றரைக் கோடி டாலர் அளவினதாகலாம் என்பது அவர் மதிப்பீடு. லிண்டாவின் பெண்மக்களோ அப்போது வறுமையில் வாழ்ந்தனர்.

உரிமையை லிண்டாவே எழுதிக் கொடுத்துவிட்டமையானும், பின்னர் அவர்தம் மனைவியும் மக்களும் உரிமைத் தாள்களில் ஒப்பமிட்டமையானும் வழக்கிற்கு வழியில்லை என்றே தோன்றியது. ஆனால் பதிப்புரிமை வழக்கறிஞர் ஓவன் டீன் 1911ஆம் ஆண்டுப் பிரித்தானியப் பேரரசுப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு விதியைக் கண்டு எடுத்தார். ஆசிரியர் தம் வாழ்நாளில் உரிமையைப் பிறர்க்கு அளித்திருந்தாலும், அவர் இறந்து 25 ஆண்டுகள் கழிந்தபின் அது அவர்தம் மரபுரிமையாளரிடமே மீளும் என்பது அவ்விதி. லிண்டா மறைந்தது 1962. ஆகவே 1987இல் உரிமை மீண்டிருத்தல் வேண்டும். பேரரசு ஆட்சியின் பழஞ்சட்டம் ஒன்று, அவ்வாட்சிக்கு உட்பட்டிருந்த நாட்டின் ஏழைப் பாடகரின் மக்களுக்குத் துணையாயிற்று.

2004இல் டிஸ்னி நிறுவனத்தின்மேல் தென்னாப்பிரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2006 பிப்ரவரியில், பாட்டின் உரிமையை நிருவகித்த அபிலீன் நிறுவனத்தாரோடு உடன்பாடு ஏற்பட்டது. குடும்பத்தார்க்குக் கடந்தகாலப் பயன்பாட்டிற்கு ஈடும், வருங்கால வருவாயில் பங்கும் அளிக்க இசைந்தனர். ‘தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்’ என்பது ‘இம்பூபே’யினின்று தோன்றியது என்பதையும், லிண்டா அதன் இணையாசிரியர் என்பதையும் ஏற்றனர்.

இவ்வுடன்பாட்டின் இரு கூறுகளையும் முன்னுரையில் நாம் சுட்டியவற்றோடு ஒப்புநோக்குக. ஒன்று ஆக்கியோன் பெயர், மற்றொன்று வழி. வழக்கறிஞர் பேசியது சட்டத்தின் மொழியே. எனினும் அவர்கள் மீட்டவை பாயிரத்தின் முதல் இரு உறுப்புகளே.

9. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படும் உண்மை ஒன்று. ஆசிரியர் பெயர் இன்மை ஒரு பாட்டின் இயல்பன்று. அது பாட்டிற்கு நேர்வது. ‘இம்பூபே’யைப் பொறுத்தவரை அது நேர்ந்த காலத்தையும் இடத்தையும் நேர்வித்தோரையும் சுட்ட முடிகின்றது. 1939இல் பெயர் இருந்தது, 1952இல் இல்லை, 2006இல் மீண்டது. இடையே ‘மரபுவழிப் பாடல்’ என்று அச்சிட்டது பாட்டைப் பற்றிய முடிவன்று. பாட்டைப் பெற்றவர் வினவாது விட்டதன் பதிவு.

நம் பழந்தொகைகளைத் தொகுத்தோர் இவ்வகையில் நமக்கு வழிகாட்டிகளாவர். பாடினார் பெயர் கிடைக்கப்பெறாவிடத்து அவர் பாட்டிலுள்ள அரிய தொடரையே அவருக்குப் பெயராக்கினர். செம்புலப்பெயனீரார், அணிலாடுமுன்றிலார், குப்பைக் கோழியார், ஓரேருழவனார் என்னும் பெயர்கள் அவ்வாறு அமைந்தவை. பெற்றோர் இட்ட பெயர் அவர்களுக்குத் தெரியவில்லை. ஆயினும் பாட்டிற்குப் பின்னே ஒரு மனிதர் உண்டு என்பதை மறவாது, அவருக்குரிய இடத்தை வெறிதாக விடவும் மனமின்றி, அவர்தம் சொல்லாலேயே அவ்விடத்தை நிரப்பினர். பால் காம்பெல் என்பதும் இட்டுக்கட்டிய பெயரே. ஆனால் அது பாடியவரை நினைவூட்ட எழுந்ததன்று. அவர் இடத்தைப் பிறர் கொள்ள எழுந்தது. பெயர் தெரியாதவர்க்குப் பெயர் அமைத்த நெறியும், பெயர் தெரிந்தவரைப் பெயரற்றவராக்கிய நெறியும் இவ்வாறு எதிரெதிராய் நிற்கின்றன.

நாட்டுப்பாடல்களைத் தொகுக்கும் நம் ஆராய்ச்சி மாணவர்க்கு இதனால் ஒரு கடமை உண்டாகின்றது. ‘ஆசிரியர் இலர்’ என்பதும் ‘ஆசிரியர் பெயர் கிடைக்கவில்லை’ என்பதும் ஒன்றல்ல. முன்னது முடிவு, பின்னது நிலை. வயல்வெளியிலோ கோயில் முற்றத்திலோ ஒரு பாட்டைப் பதிவுசெய்வோர், பாடியவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றையும், அவர் அதனை யாரிடம் கற்றார் என்பதையும், அவரே கட்டியதாயின் அதனையும் கேட்டுப் பாட்டின் தலைப்பிலேயே எழுதுதல் வேண்டும். பாடியவருக்கு அப்பெயர் வேண்டாததாகத் தோன்றலாம். அவரே தம்மை ஒரு பொருட்டாகக் கருதாதிருக்கலாம். எனினும் கேட்டல் தொகுப்போர் கடன். இம்சிங்காவின் மேய்ச்சல் நிலத்தினின்று வந்தவரை யாரேனும் ஒருவர் 1952இல் அவ்வாறு கேட்டிருப்பாராயின், அவர் மக்கள் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்திராது.